திங்கள் காலையில் கிளம்பாத மோட்டார்

பொழுது புலர இன்னும் இரண்டு நாழிகை இருந்தது. குளச்சலுக்கும் முட்டத்திற்கும் இடையே அமைந்த ஒரு கடற்கரைச் சிற்றூர். ஞாயிறு ஓய்வு முடிந்த திங்கட்கிழமை ஆதலால், வள்ளங்கள் ஒவ்வொன்றாக நீரில் இறங்கிக்கொண்டிருந்தன. மூன்று வள்ளங்கள் அலையைத் தாண்டிச் சென்றுவிட்டன. நான்காவது வள்ளம் மட்டும் கரையோரத்திலேயே தத்தளித்தது. இருவர் இடுப்பளவு நீரில் நின்று அதன் அணியத்தை அலைக்கு நேரே பிடித்துக்கொண்டிருக்க, அமரத்தில் நின்ற இளைஞன் மோட்டாரின் கயிற்றை இழுத்தான். மீண்டும் இழுத்தான். இருபதாவது முறையும் இழுத்தான். மோட்டார் ஒருமுறை இருமிவிட்டு மௌனமாயிற்று.

கரையில் நின்ற முதியவர் ஒருவர் குரல் கொடுத்தார்: "இழுத்தது போதும் மக்கா, வள்ளத்தைக் கரைக்கு ஏத்து."

வள்ளம் மணலில் ஏறியதும் அவர் கேட்ட முதற்கேள்வி இதுதான்: "சனிக்கிழமை கரைக்கு வந்தப்போ எதில ஓட்டி நிறுத்தின? பெட்ரோலிலயா, மண்ணெண்ணெயிலயா?"

"மண்ணெண்ணெயிலதான் மாமா. கரை வந்தாச்சேன்னு அப்படியே நிறுத்திட்டேன்."

"அப்போ கோளாறு இன்னைக்கு வரல்ல. சனிக்கிழமையே வந்தாச்சு."

கால் மணி நேரத்திற்குள் அந்த மோட்டார் இரண்டே இழுப்பில் கிளம்பிற்று. அவர் புதிதாக உறுப்பு எதனையும் வாங்கிப் பொருத்தவில்லை. பெருவலிமையும் பயன்படுத்தவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக எதைப் பார்க்க வேண்டும் என்னும் ஒழுங்கு அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவே. அந்த ஒழுங்கை நம் குடும்பங்கள் அனைத்தும் அறிந்துகொள்ளல் நலம் என்னும் எண்ணத்தாலேயே இக்கட்டுரையை வரைகின்றோம்.

சிறு கோளாறு, பெரும் இடர்

தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பவில்லையெனில் அதனைத் தள்ளிக்கொண்டு போகலாம். கடலிலோ நிலைமை வேறு. குமரிக் கடற்கரையின் பல ஊர்களில் துறைமுகம் இல்லை. திறந்த கடற்கரையில் அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் வள்ளம் செல்லவேண்டும், தாண்டித்தான் திரும்பவேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் கடல் சீறும்போது, அந்த ஒரு நிமிடத்தில் மோட்டார் நின்றுவிட்டால், வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்துவிடும். கரைக்கு வெகு தொலைவில் மோட்டார் கிளம்ப மறுத்தாலோ, நீரோட்டம் இழுக்கும் திசையெல்லாம் செல்வதன்றி வேறு வழியில்லை.

முன்னாளில் கட்டுமரத்தில் பாய் இருந்தது, துடுப்பு இருந்தது. 1980-களில் வெளிப்பொருத்து மோட்டார்கள் நம் கரைகளில் பெருகத் தொடங்கியபின், பாயை வீட்டுப் பரணில் ஏற்றிவைத்தோர் பலர். ஆகவே அமரத்தில் மாட்டியிருக்கும் அந்த ஒரு பொறியை நம்பியே இன்று பல குடும்பங்களின் தந்தையரும் மைந்தரும் கடலேறுகின்றனர். அதனைக் கடன்பட்டு வாங்கியோரும் நம்மிடையே உண்டு. கிளம்பாத மோட்டார் ஒரு நாள் பாட்டைக் கெடுக்கிறது. கவனிப்பாரற்ற மோட்டார் புதுக் கடனுக்கே வழி வகுக்கிறது.

மூன்று தேவைகள்

நோயின் மூலத்தை அறிய உடலின் இயல்பை அறியவேண்டுவது போல, மோட்டாரின் பிணக்கை அறிய அதன் இயக்கத்தைச் சற்று அறிதல் வேண்டும்.

படகின் பின்புறம் மாட்டி, வேண்டும்போது கழற்றி எடுக்கத்தக்க மோட்டாரை வணிக முறையில் வெற்றிபெறச் செய்தவர் ஓலே எவின்ரூட் என்பவர். 1877-இல் நார்வே நாட்டிற் பிறந்து, இளமையிலேயே அமெரிக்கா சென்ற அவர், 1909-இல் மில்வாக்கி நகரில் அத்தகைய மோட்டார்களைச் செய்து விற்கத் தொடங்கினார். டூ ஸ்ட்ரோக் எனப்படும் இரு வீச்சு முறையோ அதற்கும் மூத்தது. டூகால்ட் கிளார்க் என்னும் ஸ்காட்லாந்துப் பொறியாளர் 1878-இல் அதன் முதல் வடிவங்களுள் ஒன்றை அமைத்தார். ஜோசப் டே என்னும் ஆங்கிலேயர் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதனை எளிமைப்படுத்தினார். இன்று நம் வள்ளங்களில் ஓடும் டூ ஸ்ட்ரோக் மோட்டார்கள் அந்த எளிய வழியில் வந்தவையே.

இம்மோட்டாரில் பிஸ்டன் ஒருமுறை மேலும் கீழும் சென்று வந்தால் ஒருமுறை தீப்பற்றுதல் நிகழ்கிறது. நிமிடத்திற்கு 5000 சுற்று சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் 5000 முறை தீப்பொறி எழவேண்டும். எரிபொருளும் காற்றும் கலந்த ஆவி முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறைக்குள் புகுந்து, பின்னரே பிஸ்டனுக்கு மேலே செல்கிறது. அவ்வாறு செல்லும் வழியில் உள்ளிருக்கும் பேரிங்குகளுக்கு வழவழப்பைத் தரவேண்டியிருப்பதாலேயே எரிபொருளில் ஆயில் கலக்கிறோம்.

மோட்டார் கிளம்புவதற்கு வேண்டியவை மூன்று: எளிதில் பற்றக்கூடிய எரிபொருட் கலவை, உரிய நேரத்தில் வலிமையான தீப்பொறி, கலவையை நெருக்கும் அமுக்கம். இம்மூன்றும் இருந்தால் மோட்டார் கிளம்பியே தீரும். கிளம்பவில்லையெனில் மூன்றில் ஒன்று இல்லை. எது இல்லை என்று தேடுவதே நம் வேலை. கயிற்றை ஆயிரம் முறை இழுப்பதால் இல்லாதது வந்துவிடாது.

மண்ணெண்ணெயின் குணம்

நம் கரைகளில் ஓடும் மோட்டார்களுள் பல, பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுவன. சிக்கனம் கருதி எழுந்த முறை இது. ஆனால் இவ்விரு எண்ணெய்களின் குணமும் ஒன்றன்று. பெட்ரோல் பனிக்குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை செல்சியசு வெப்பத்தை எட்டினால்தான் அந்த அளவுக்கு ஆவி தரும். வைகறைக் குளிர்ச்சியில் இருக்கும் மோட்டாருக்குள் மண்ணெண்ணெய் சென்றால், அது ஆவியாகாமல் துளித்துளியாகப் படிந்து பிளக்கை நனைக்கும். நனைந்த பிளக்கில் பொறி எழாது.

ஆகவே மும்முறை நினைவில் கொள்ளத்தக்க விதி இது: பெட்ரோலில் கிளப்புக, மோட்டார் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுக, நிறுத்துமுன் மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடங்கள் ஓட்டியபின் நிறுத்துக. அந்த இளைஞன் மூன்றாவதைச் செய்யவில்லை. கார்பரேட்டரின் கிண்ணம் நிறைய மண்ணெண்ணெயுடன் அவன் மோட்டார் ஒன்றரை நாள் நின்றது. திங்கள் காலையில் பெட்ரோல் குழாயைத் திறந்தும் பயனில்லை. முதலில் உள்ளே போனது கிண்ணத்தில் தேங்கிநின்ற மண்ணெண்ணெயே.

முதியவர் செய்தது யாதெனில், எரிபொருள் குழாயைக் கழற்றினார். கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள சிறு திருகைத் திறந்து, மண்ணெண்ணெயை ஒரு தகரக் குவளையில் வடித்தார். பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். ஈரத்தைத் துடைத்துக் காயவைத்தார். பிளக் வயரைத் தனியே தொங்கவிடாமல் மோட்டாரின் உலோகத்தோடு சேர்த்துவைத்து, பிளக் துளை திறந்திருக்கையிலேயே கயிற்றை ஐந்தாறு முறை இழுக்கச் சொன்னார். உள்ளே தேங்கிய எண்ணெய் துளை வழியே வெளியேறிற்று. அதன்பின் பெட்ரோலை ஏற்றி, பிளக்கை மாட்டியதும் மோட்டார் உயிர்பெற்றது. அவ்வேளையில் பக்கத்தில் பீடி பற்றவைக்க முயன்ற ஒருவரை அவர் விரட்டியதையும் குறிப்பிடல் வேண்டும்.

கயிற்றைத் தொடுமுன்

எல்லாக் கோளாறும் மண்ணெண்ணெயால் வருவதன்று. மோட்டாரின் மீது ஐயம் கொள்ளுமுன் நம் மீதே ஐயம் கொள்ளல் நன்று. கீழ்க்கண்டவற்றை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

முதலாவது, கியர் நடுநிலையில் உள்ளதா? கியர் விழுந்திருந்தால் பல மோட்டார்களில் கயிறே வராது. இரண்டாவது, ஓட்டுபவர் உடலில் மாட்டிக்கொள்ளும் நிறுத்துக் கயிற்றின் கொக்கி, பொத்தானில் சரியாக மாட்டப்பட்டுள்ளதா? அது கழன்றிருந்தால் பொறி எழாது. மூன்றாவது, எரிபொருள் தொட்டியின் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்துள்ளதா? அது மூடியிருந்தால் மோட்டார் கிளம்பினாலும் சிறிது தூரத்தில் நின்றுவிடும். நான்காவது, எரிபொருள் குழாயின் முனை மோட்டாரில் நன்கு பதிந்துள்ளதா? ஐந்தாவது, குழாயின் நடுவிலுள்ள ரப்பர்க் குமிழைக் கையால் அமுக்கி, அது கல்லைப் போல் இறுகும்வரை எரிபொருளை ஏற்றியாயிற்றா? ஆறாவது, குளிர்ந்த மோட்டாருக்குச் சோக் இழுத்தாயிற்றா?

இவை சரியாக இருந்தும் ஆறேழு இழுப்பில் கிளம்பவில்லையெனில், அத்துடன் நிறுத்திவிடுக. சோக் இழுத்தபடியே மேலும் இழுத்தால் எரிபொருள் மிகுதியாகிப் பிளக் நனையும். பிறகு முதலில் இருந்த கோளாறோடு இரண்டாவது கோளாறும் சேர்ந்துகொள்ளும்.

பிளக் சொல்லும் செய்தி

மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வது போல, மோட்டாரின் நிலையறியப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். அதன் முனை நான்கு வகையான செய்திகளைச் சொல்லும்.

பிளக் உலர்ந்திருந்தால், எரிபொருள் சிலிண்டரை எட்டவில்லை. கோளாறு தொட்டிக்கும் கார்பரேட்டருக்கும் இடையில் உள்ளது. பிளக் எண்ணெயில் நனைந்திருந்தால், எரிபொருள் வருகிறது, ஆனால் பற்றவில்லை. பொறி இல்லை, அல்லது எரிபொருள் மிகுதி. முனையில் நீர்த்துளியோ வெண்ணிற உப்புப் பூச்சோ தென்பட்டால், எரிபொருளில் தண்ணீர் கலந்துள்ளது, அல்லது ஹெட் கேஸ்கெட் வழியே கடல்நீர் உள்ளே கசிகிறது. கரியும் பசையும் அப்பியிருந்தால், ஆயில் மிகுதியாயிற்று, அல்லது மோட்டாருக்குப் பொருந்தாத பிளக் மாட்டப்பட்டுள்ளது. சிலவேளை ஒரு சிறு கரித்துணுக்கே பிளக்கின் இரு முனைகளையும் இணைத்துப் பொறியைத் தடுத்துவிடும்.

அடுத்து, பொறியைச் சோதிக்கவேண்டும். கழற்றிய பிளக்கை அதன் வயரில் மாட்டி, பிளக்கின் உலோகப் பகுதி மோட்டாரின் உலோகத்தில் நன்கு பதியுமாறு வைத்து, ஒருவர் கயிற்றை இழுக்க மற்றவர் பார்க்கவேண்டும். பிளக் துளைக்கு அருகில் வைத்துச் சோதித்தல் கூடாது. துளையிலிருந்து வரும் ஆவி தீப்பற்றும். வயரை வெறுங்கையால் பிடிப்பதும் ஆகாது. நீலநிறத்தில் சடசடவென ஓசையுடன் பொறி எழுந்தால் நலம். மஞ்சள் நிறத்தில் சோர்ந்து எழுந்தாலும், எழாவிட்டாலும், முதலில் புதிய பிளக்கை மாட்டிப் பார்க்கவேண்டும்.

புதிய பிளக்கிலும் பொறி இல்லையெனில், நிறுத்துப் பொத்தானிலிருந்து வரும் வயரைச் சோதனைக்காகக் கழற்றிப் பார்க்கலாம். அப்போது பொறி வந்தால், பொத்தானுக்குள் உப்பு ஏறியிருப்பதே குற்றம். கடற்கரையில் இக்குற்றம் அரியதன்று. பழைய மோட்டார்களில் காந்தச் சக்கரத்திற்கு அடியில் இருக்கும் 'பாயிண்ட்' முனைகள் உப்பாலும் ஈரத்தாலும் களிம்பேறும். தூய்மை செய்து, இடைவெளியைச் சரிசெய்தால் போதும். புதிய மோட்டார்களில் அம்முனைகள் இல்லை. அவற்றில் மின்னணுப் பெட்டி இருக்கும். அதனைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுதலே அறிவுடைமை. பிளக்கின் இடைவெளி மோட்டாருக்கு மோட்டார் வேறுபடும். அதனுடன் வந்த கையேடு கூறும் அளவே சரியான அளவு.

எரிபொருளின் வழி

பிளக் உலர்ந்திருந்தால் எரிபொருள் வரும் வழியைத் தொட்டியிலிருந்து மோட்டார் வரை தொடர்ந்து பார்க்கவேண்டும். இங்கே நமக்கு நல்ல சாட்சி அந்த ரப்பர்க் குமிழ். அதன்மேல் வரைந்துள்ள அம்பு மோட்டாரை நோக்கியிருக்க வேண்டும். அம்பு மேல்நோக்குமாறு பிடித்து அமுக்கினால் எரிபொருள் விரைவில் ஏறும். எவ்வளவு அமுக்கியும் குமிழ் இறுகவில்லையெனில், எங்கோ காற்று நுழைகிறது, அல்லது குமிழின் வால்வு பழுதாயிற்று. குமிழ் சப்பையாக ஒட்டிக்கொண்டால், காற்றுத் திருகு மூடியிருக்கிறது, அல்லது தொட்டிக்குள் உறிஞ்சு குழாய் அடைபட்டுள்ளது. குமிழ் இறுகியும் பிளக் உலர்ந்தே இருந்தால், அடைப்பு கார்பரேட்டரில் உள்ளது.

கார்பரேட்டரின் ஜெட் என்பது ஊசித் துளையினும் சிறியது. மணலோ, துருவோ, பழைய எரிபொருள் உலர்ந்து ஆன பசையோ அதனை அடைத்துவிடும். கம்பியைச் செருகிக் குத்துதல் பெருந்தவறு. துளை சற்றே பெரிதானாலும் கலவையின் அளவு கெட்டுவிடும். பெட்ரோலில் ஊறவைத்து, காற்றால் ஊதித் தூய்மை செய்யலாம்.

கிண்ணத்தில் வடித்த எரிபொருளைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிச் சிறிதுநேரம் வைத்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியே திரண்டு நிற்கும். இதில் இன்று நாம் கூடுதலாக விழித்திருக்க வேண்டும். இந்தியாவில் இப்பொழுது விற்கப்படும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால், காற்றின் ஈரத்தையும் தண்ணீரையும் ஈர்க்கும் இயல்புடையது. அளவுக்கு மிஞ்சிய நீரை ஈர்த்தபின் அது நீருடன் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து, தொட்டியின் அடியில் தங்கும். உறிஞ்சு குழாய் எடுப்பதும் அடியிலிருந்துதான். பழைய ரப்பர்க் குழாய்களையும் அது நாளடைவில் நெகிழச் செய்யும். ஆகவே பெட்ரோலை வாரக்கணக்கில் தேக்கிவைத்தல் வேண்டாம். வேண்டிய அளவே வாங்கி, இறுக மூடிய கலத்தில் வைத்து, விரைவில் செலவிடுதலே நலம்.

ஆயில் கலப்பதிலும் கண்ணளவு உதவாது. கையேடு 50-க்கு 1 என்று கூறினால், ஒரு லிட்டருக்கு 20 மில்லி லிட்டர்; 25 லிட்டருக்கு அரை லிட்டர். 25-க்கு 1 என்றால் அதன் இருமடங்கு. மண்ணெண்ணெய்க்கு வேறு அளவு கூறப்பட்டிருந்தால் அதனையே பின்பற்றுக. கிளப்புவதற்கு வைத்துள்ள சிறிதளவு பெட்ரோலிலும் ஆயில் கலக்கவேண்டும் என்பதைச் சிலர் மறந்துவிடுகின்றனர். சாலையில் ஓடும் வண்டிகளுக்குரிய ஆயில் வேறு. நீரால் குளிரூட்டப்படும் மோட்டார்களுக்குரியது வேறு. டின்னின்மேல் டி.சி.டபிள்யூ.3 என்னும் குறி உள்ளதா என்று பார்த்து வாங்குக.

அமுக்கம் குறைந்தால்

பொறியும் உண்டு, எரிபொருளும் உண்டு. எனினும் மோட்டார் கிளம்பவில்லையெனில், மூன்றாவது தேவையாகிய அமுக்கத்தைப் பார்க்கவேண்டும். பழகிய கைக்குக் கயிற்றை மெல்ல இழுக்கும்போதே இது தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் கயிறு எதிர்த்து நிற்கவேண்டும். எதிர்ப்பின்றி எளிதாக வந்தால் அமுக்கம் இல்லை. ரிங்குகள் தேய்ந்திருக்கலாம், அல்லது கரிபிடித்து ஒட்டியிருக்கலாம்; கேஸ்கெட் வெடித்திருக்கலாம். இரு சிலிண்டர் உள்ள மோட்டாரில் இரண்டின் அமுக்கமும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்று மிகக் குறைந்தால் குற்றம் அங்கே.

டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கே உரிய மற்றொன்றும் உண்டு. பிஸ்டனுக்குக் கீழே உள்ள அறையிலும் கலவை நெருக்கப்படுவதால், அந்த அறை காற்றுப் புகாமல் இருத்தல் வேண்டும். அதன் வாயிலில் மெல்லிய நாக்குத் தகடுகள் கதவுபோல் திறந்து மூடும். அத்தகடு முனை உடைந்தால், கயிற்றை இழுக்கும்போது கார்பரேட்டரின் வாய்வழியே எரிபொருள் திரும்பத் தெறிக்கும். தண்டின் இருபுற ஆயில் சீல்கள் தேய்ந்தாலும் கிளம்புதல் கடினமாகும். இவை பட்டறையில் பார்க்கவேண்டியவை. எனினும் கண்ட அறிகுறியை மெக்கானிக்கிடம் தெளிவாகச் சொன்னால், அவர் நேரமும் நம் பணமும் மிச்சமாகும்.

கிளப்புவதற்கென்று விற்கும் ஈத்தர் தெளிப்பானைப் பயன்படுத்தற்க. உள்ளிருக்கும் ஆயில் படலத்தை அது கழுவிவிடும். உலோகம் உலோகத்தோடு உரசும்.

சூட்டில் மறுப்பதும் நீரில் மூழ்குவதும்

காலையில் நன்கு கிளம்பிய மோட்டார், வலையிட்டு அரைமணி நின்றபின் மறுப்பதும் உண்டு. சூடான மோட்டாருக்குச் சோக் வேண்டுவதில்லை. பழக்கத்தால் சோக் இழுத்தால் எரிபொருள் மிகுதியாகும். சோக்கை இழுக்காமல், ஆக்சிலேட்டரைச் சற்றுத் திறந்து இழுத்தல் வேண்டும். குளிர்ந்தபின் பொறி வந்து, சூடானதும் பொறி மறைந்தால், காயில் பழுதாகிவருகிறது என்று அறிக.

அலையில் வள்ளம் கவிழ்ந்து மோட்டார் கடல்நீரில் மூழ்கினால், அது ஓர் அவசர நிலை. உள்ளே உப்புநீர் இருக்கையில் காற்றும் பட்டால், எஃகுப் பேரிங்குகள் சில மணி நேரத்திலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். முதலில் நன்னீரால் முழுதும் கழுவுக. பிளக்குகளைக் கழற்றி, துளை கீழ்நோக்குமாறு சாய்த்து நீரை வடிக்க. கார்பரேட்டரையும் வடிக்க. கயிற்றை மெல்ல இழுக்கும்போது உரசலோ மணலின் கரகரப்போ தெரிந்தால் மேலும் இழுத்தல் கூடாது. ஓடிக்கொண்டிருக்கையில் மூழ்கிய மோட்டாரில் உள்ளுறுப்பு வளைந்திருக்கவும் கூடும். எதுவும் தென்படவில்லையெனில் ஆயிலை உள்ளே ஊற்றிப் பலமுறை சுழற்றி, அன்றே கிளப்பி ஓட்டவேண்டும். அன்றே இயலாதெனில், பட்டறைக்குக் கொண்டுசெல்லும்வரை பெரிய தொட்டியில் நன்னீருக்குள் மூழ்கவைத்திருப்பது, காற்றில் காயவிடுவதினும் மேல். வியப்பாகத் தோன்றினும் உண்மை இதுவே.

சனிக்கிழமையின் கால் மணி நேரம்

இவ்வளவையும் படித்தபின் ஓர் உண்மை புலப்படும். திங்கள் காலையின் பிணக்குகளுட் பல சனிக்கிழமையன்றே விதைக்கப்படுகின்றன. ஞாயிறு கடலுக்குச் செல்லாமை குமரிக் கடற்கரை ஊர்கள் பலவற்றின் வழக்கம். மனிதர் ஓய்வு கொள்ளுமுன் மோட்டாருக்குக் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

கரை நெருங்குமுன் பெட்ரோலுக்கு மாற்றுக. கரைசேர்ந்தபின் மோட்டாரை நன்னீர் நிறைந்த பீப்பாயில் இறக்கிச் சிறிதுநேரம் ஓட்டினால், உள்ளே நீர் செல்லும் வழிகளில் உப்பு தங்காது. அவ்வாறு ஓடிக்கொண்டிருக்கையிலேயே எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டால், கார்பரேட்டரில் எஞ்சியுள்ளதைத் தீர்த்துவிட்டு மோட்டார் தானே நிற்கும். மோட்டாரை நிமிர்த்திவைத்து நீரை வடியவிடுக. வயர் முனைகளைத் துடைத்து, மூடியிட்டு, நிழலில் வைக்க. பிளக்கை வாரம் ஒருமுறை கழற்றிப் பார்த்தால் வரவிருக்கும் குற்றம் முன்கூட்டியே தெரியும்.

கடலுக்குச் செல்லும்போது ஒரு சிறு பெட்டியில் இவற்றை வைத்திருத்தல் வேண்டும்: இரண்டு புதிய பிளக்குகள், பிளக் ஸ்பானர், திருப்புளி, குறடு, உலர்ந்த துணி, ஆயில் கலந்த நல்ல பெட்ரோல் ஒரு சிறு கலத்தில், கயிற்றுப் பெட்டி அறுந்தால் காந்தச் சக்கரத்தில் சுற்றி இழுப்பதற்கான தனிக் கயிறு. தனிக் கயிற்றால் கிளப்பும்போது கியர் நடுநிலையில் உள்ளதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்க. அப்போது மோட்டாரின் காப்பு வேலை செய்யாது. இவற்றோடு துடுப்பும் ஒரு சிறு பாயும் வள்ளத்தில் இருக்கட்டும். பொறி கைவிடும் நாளில் முன்னோரின் கருவியே கைகொடுக்கும்.

இல்லத்தின் பங்கு

மோட்டார் கடலில் ஓடினாலும் அதன் கணக்கு வீட்டில் இருக்கிறது. பிளக் மாற்றிய நாள், ஆயில் வாங்கிய அளவு, பட்டறைக்குச் சென்ற காரணம் ஆகியவற்றை ஒரு சிறு நோட்டில் இல்லத்தலைவியோ, பள்ளி செல்லும் பிள்ளையோ குறித்துவைக்கலாம். அடிக்கடி பிளக் கெட்டால், ஆயில் அளவில் தவறு உண்டென்று அந்நோட்டே சொல்லிவிடும். மீன் விற்ற பணத்தில் வாரம் ஒரு சிறு தொகையை மோட்டாருக்கென்று தனியே எடுத்துவைக்கும் வீட்டில், பழுது வந்தபோது கடன்காரர் வாசலுக்குச் செல்லவேண்டியிராது. ஒரு பிளக்கை வாங்கத் தயங்கிய வீடு, ஒரு நாளின் பாட்டை இழந்து நிற்பதை நாம் காண்கிறோம்.

இளைஞர்க்கு ஒரு சொல். கயிற்றை வலுவாக இழுப்பது வீரமன்று. நின்று, பிளக்கைக் கழற்றி, பார்த்து, முகர்ந்து, ஒவ்வொன்றாக நீக்கிக் காரணத்தைக் கண்டறிவதே தொழிலறிவு. அதனைக் கரையில் பழகாதவர் கடலில், இருளில், ஆடும் வள்ளத்தில் செய்தல் அரிது.

அந்தத் திங்கட்கிழமை நான்காவது வள்ளம் சற்றுத் தாமதமாகவே அலையைத் தாண்டிற்று. அடுத்த சனிக்கிழமை அது திரும்பிவந்தபோது, அலை உடையும் இடத்திற்குச் சற்று முன்னரே அமரத்தில் நின்ற இளைஞன் குனிந்து குழாயைத் திருப்புவதைக் கரையிலிருந்தோர் கண்டனர். முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. நன்னீர்ப் பீப்பாயை மட்டும் வள்ளம் ஏறும் இடத்தருகே உருட்டிவைத்தார்.